பரணில் விழித்திருந்த வேட்டைக்காரர்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. கரியாலூர், வெள்ளிமலை முதலிய ஊர்களைத் தன் மடியில் தாங்கிய அம்மலையின் சரிவுகளில் தினையும் சாமையும் விளைந்து வந்தன. கதிர் முற்றுங் காலத்தில் பகலில் பறவைகளும் இரவில் காட்டுப்பன்றிகளும் கொல்லையை நாடி வரும். அவற்றை ஓட்டுதற்கு மரக்கிளைகளின்மீதோ, நட்ட கால்களின்மீதோ பரண் அமைத்துக் காவலிருப்பது மலைநாட்டு மக்களிடம் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். சங்கப் புலவர்கள் அப்பரணை இதணம் என்று வழங்கினர். தினைப்புனத்து இதணத்தில் இருந்து கிளி ஓட்டும் குறிஞ்சிநிலப் பெண்களைக் குறித்த பாடல்கள் நம் இலக்கியத்தில் பல உள்ளன.

பரண் கட்டுவது எளிய வேலைபோலத் தோன்றும், ஆனால் அன்று. எந்தக் கிளை ஆளின் சுமையைத் தாங்கும், எந்தக் கிளை வெளியே பசுமையாகவும் உள்ளே பூச்சி அரித்தும் இருக்கும் என்று அறிந்திருக்க வேண்டும். கொம்புகளைக் கொடியால் பிணைக்கும்போது முடிச்சு நழுவாமலும், ஆள் அசையும்போது ஓசை எழாமலும் கட்ட வேண்டும். பன்றியை விரட்டப் பரண் ஏறியவன் தவறி விழுந்தால் கால் முறியலாம். புலியையோ சிறுத்தையையோ எதிர்நோக்கிப் பரண் ஏறியவன் விழுந்தால் கால் முறிவதோடு துன்பம் நில்லாது.

வடநாட்டில் வேட்டைக்காரர்கள் இப்பரணை மச்சான் என்பர். நம் மாணவர்கள் இச்சொல்லைக் கேட்டு நகைத்தல் கூடும். ஆயினும் அது நம் மஞ்சம் என்னும் சொல்லோடு உறவுடையதே. கயிற்றுக் கட்டில் ஒன்றை மரக்கவட்டில் ஏற்றிக் கட்டிவிட்டால் அது மச்சான் ஆகிவிடும். அத்தகைய கட்டில்களிலும், கட்டில்கூட இல்லாத வெறுங்கிளைகளிலும் தம் வாழ்நாளில் எண்ணற்ற இரவுகளைக் கழித்தவர் ஜிம் கார்பெட்.

கார்பெட் 1875 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25 ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள நைனிதால் என்னும் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அந்நகரின் அஞ்சல் நிலையத் தலைவர். அவர் 1881 இல் இறந்துவிட்டார். அப்போது ஜிம்முக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. பெருங்குடும்பத்தின் சுமை முழுதும் அன்னையார் மேரி ஜேன் மீது விழுந்தது. கோடைக்கு நைனிதாலும், குளிர்காலத்துக்கு மலையடிவாரத்திலுள்ள காலாதுங்கியும் அக்குடும்பத்தின் இருப்பிடங்களாக இருந்தன. காலாதுங்கியைச் சூழ்ந்த காடே சிறுவனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. கவணும் வில்லும் எடுத்துத் திரிந்த சிறுவனின் கைக்கு எட்டாம் அகவையளவில் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வந்தது. அதன் ஒரு குழல் வெடித்துப் பிளந்து கிடந்தது. உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒரு குழலேனும் நன்றாக இருக்கின்றதே என்று அச்சிறுவன் அகம் மகிழ்ந்தான்.

காட்டிலே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ஒருவர் குன்வர் சிங். அவர் ஓர் ஊரின் தலைவர். அரசாங்கத்தின் ஆணைகளைப் பொருட்படுத்தாமல் வேட்டையாடுவதில் பெயர் பெற்றவருங்கூட. அவர் சிறுவனுக்குத் துப்பாக்கி சுடுவதைப் பற்றிச் சொல்லுமுன் மரம் ஏறுவதைப் பற்றிச் சொன்னார். அதற்குக் காரணமாக ஒரு நிகழ்ச்சியையும் எடுத்துரைத்தார். இளமையில் அவரும் ஹர் சிங் என்னும் நண்பரும் காட்டுக்குள் சென்றிருந்தபோது ஒரு புலி சினந்து எதிர்ப்பட்டது. குன்வர் சிங் விரைந்து மரத்தில் ஏறிவிட்டார். ஹர் சிங்குக்கு மரம் ஏறத் தெரியாது. புலி பின்னங்கால்களால் நிமிர்ந்து நின்று, அவரை மரத்தோடு மரமாக நெருக்கி, அடிமரத்தின் பட்டையை நகங்களால் கிழித்தது. மேலிருந்தவர் துப்பாக்கியை வெடிக்கவே, புலி அகன்றது. ஆனால் அதற்குள் ஹர் சிங்கின் வயிறு கிழிந்து குடல் சரிந்துவிட்டது. வேறு வழி காணாத குன்வர் சிங், மண்ணும் சருகும் ஒட்டியிருந்த குடலை உள்ளே தள்ளித் தம் தலைப்பாகையை அவிழ்த்து வயிற்றை இறுகக் கட்டினார். அந்நிலையிலேயே இருவரும் நெடுந்தொலைவு நடந்து மருத்துவமனையை அடைந்தனர். வியப்பென்னவெனில் ஹர் சிங் பிழைத்து, முதுமை எய்திய பின்னரே இறந்தார். சிறு வயதில் மரம் ஏறக் கற்காமையே அவருக்கு நேர்ந்த துன்பத்துக்குக் காரணம் என்பது குன்வர் சிங்கின் முடிவு. அன்றிலிருந்து கார்பெட் மரம் ஏறுதலை ஒரு கலையாகவே பயின்றார்.

பதினெட்டாம் அகவையளவில் அவர் இரயில்வேப் பணியில் சேர்ந்தார். பின்னர்க் கங்கைக் கரையிலுள்ள மொகாமாத் துறையில், ஓர் இரயில் பாதையின் சரக்கை மற்றொரு பாதைக்கு மாற்றியேற்றும் ஒப்பந்தக்காரராக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். கூலியாட்களோடு தாமும் சேர்ந்து உழைத்தவர் அவர். வேட்டை அவருக்குத் தொழிலன்று. விடுமுறையில் மேற்கொண்ட கடமை என்றே கூறலாம்.

1907 ஆம் ஆண்டு சம்பாவத் என்னும் பகுதியில் ஒரு பெண்புலி மனிதரைக் கொன்று தின்று வந்தது. நேபாளத்திலும் குமாவோனிலுமாக அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு உண்டு. அதனை வேட்டையாட ஒப்புக்கொண்ட கார்பெட் அரசாங்கத்துக்கு இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புலியின் தலைக்கு அறிவித்த பரிசுத் தொகையை நீக்கிவிட வேண்டும் என்பது ஒன்று. காட்டில் திரியும் பிற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது, தாம் பணத்துக்காகக் கொல்பவர் அல்லர் என்பதற்காக. இரண்டாவது, பிறருடைய குண்டுக்குத் தாம் இரையாகாமைக்காக.

அவ்வேட்டையில் பாலி என்னும் சிற்றூரில் அவர் கழித்த முதலிரவு குறிப்பிடத்தக்கது. இளமையின் துணிவால், மரத்தின்மேல் ஏறாமல், சாலையோரத்து மரம் ஒன்றில் முதுகைச் சாய்த்துத் தரையிலேயே அமர்ந்துவிட்டார். நிலவொளியில் ஒவ்வொரு நிழலும் புலியாய்த் தோன்றிற்று. அச்சத்தாலும் குளிராலும் பற்கள் கிட்டின. அந்த இரவு கற்பித்த பாடத்தை அவர் பிற்காலத்தில் மறைக்காமல் எழுதி வைத்தார். பெரும்புகழ் பெற்ற வேட்டைக்காரர் ஒருவர் தம் அச்சத்தை இவ்வாறு வெளிப்படையாகக் கூறியது அரிய செயலே. அப்புலி இறுதியில் ஊர்மக்கள் பலர் ஒன்றுகூடிக் காட்டை வளைத்து ஓட்டியதனால் வெளிப்பட்டுச் சுடப்பட்டது. அதன் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் முன்னொரு காலத்தில் யாரோ சுட்ட குண்டால் உடைந்திருந்தன.

இதனை மாணவர்கள் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். ஆடும் பரணில் இருந்துகொண்டு, மங்கிய ஒளியில், குறி தவறச் சுடும் வேட்டைக்காரன் தனக்கு மட்டும் கேடு தேடிக்கொள்வதில்லை. அவனுடைய குண்டால் ஊனமுற்ற புலி, மானைத் துரத்திப் பிடிக்க வலிமையற்று, புல் அறுக்கும் பெண்களையும் விறகு பொறுக்கும் முதியோரையும் பிடிக்கத் தொடங்கும். வேட்டைக்காரன் ஊர் திரும்பிவிடுவான். அவன் செய்த பிழையின் விலையை மலையூர் மக்கள் கொடுப்பார்கள். ஆட்கொல்லிகள் பலவற்றின் உடலில் பழைய குண்டுக் காயங்களையோ, முள்ளம்பன்றியின் முட்கள் தைத்த புண்களையோ கார்பெட் கண்டார்.

புலிக்கும் சிறுத்தைக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை இங்கே அறிந்துகொள்வது நலம். ஆட்கொல்லிப் புலி மனிதனிடம் உள்ள அச்சத்தை அறவே இழந்துவிடுகின்றது. ஆதலால் அது பெரும்பாலும் பகலில் கொல்லும். ஆட்கொல்லிச் சிறுத்தையோ எத்தனை பேரைக் கொன்றபோதிலும் மனித அச்சத்தை இழப்பதில்லை. ஆதலால் இரவில்தான் வரும். அன்றியும், புலி மரம் ஏறுவது அரிது. சிறுத்தைக்கோ அது விளையாட்டு. எனவே சிறுத்தைக்காகப் பரண் ஏறுபவன், இருளில், தன்னைவிட நன்றாக மரம் ஏறத் தெரிந்த ஒன்றுக்காகக் காத்திருக்கின்றான்.

1910 ஆம் ஆண்டு பானார் என்னும் ஆற்றின் பக்கத்தில் இத்தகைய சிறுத்தை ஒன்று இருந்தது. அது 400 பேரைக் கொன்றது என்பர். கொள்ளைநோயில் மாண்டவர்களின் உடல்களை முறைப்படி எரிக்க இயலாத காலங்களில், அவ்வுடல்களைத் தின்று பழகிய சிறுத்தைகளே ஆட்கொல்லிகளாகின்றன என்று கார்பெட் கருதினார். ஏப்பிரல் திங்களில் ஒருமுறை சென்று வெற்றி காணாது திரும்பிய அவர், செப்டம்பரில் மீண்டும் சென்றார். சிறுத்தை பதுங்கியிருந்த புதர்க்காட்டுக்கு எதிரே படிப்படியாய் அமைந்த வயல்கள் இருந்தன. அவ்வயல்களின் இடையே நெடுந்தொலைவுக்கு ஒரே ஒரு மரந்தான் நின்றது. அது ஒரு முதிய கருவாலி மரம். வயல்வரப்பின் மேட்டிலிருந்து முளைத்து, பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து வளர்ந்திருந்தது. கையால் பற்றாமலே அடிமரத்தின்மீது நடந்து ஏறிவிடலாம். மனிதன் அவ்வாறு ஏறக்கூடுமாயின் சிறுத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஊர்த்தலைவர் வேண்டாமென்று தடுத்தும், வேறு மரம் இன்மையால் கார்பெட் அதனையே தேர்ந்துகொண்டார்.

முதலில் நீண்ட முட்கிளைகளை வெட்டச் செய்தார். தாம் அமரவிருந்த கிளையின் இரு புறத்திலும் அவற்றைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, அடிமரத்தோடு கயிற்றால் இறுகப் பிணைத்தார். இவ்வேலையில் அவர் சிறிதும் விரைவு காட்டவில்லை. ஒரு முடிச்சேனும் தளர்ந்திருந்தால் அவருடைய வரலாறு அவ்விரவோடு முடிந்திருக்கும். பின்னர்த் தமக்கு எதிரே வயலில் ஒரு வெள்ளாட்டைக் கட்டச் செய்து, குண்டுமணிகள் நிறைந்த தோட்டாக்களை இரட்டைக்குழல் துப்பாக்கியில் இட்டுக்கொண்டு, முதுகை அடிமரத்தின் பக்கமாகத் திருப்பி அமர்ந்தார். அன்று அவருக்கு மின்விளக்கு இல்லை. ஆட்டின் வெண்ணிறம் ஒன்றே இருளில் அவருக்கு அடையாளம்.

பொழுது மறைந்தது. சிறுத்தை வந்தது. அது ஆட்டை நோக்கி வரவில்லை. அவருக்குப் பின்னால், மரத்தை நோக்கி வந்தது. முட்கட்டுகளைக் கண்டதும் மேலே ஏற இயலாமல், அவற்றின் அடிப்பகுதிகளை வாயால் கவ்வி இழுக்கத் தொடங்கிற்று. ஒவ்வோர் இழுப்பின் அதிர்ச்சியும் கார்பெட்டின் உடலைத் தாக்கியது. திரும்பிச் சுடுவதற்கு வழியில்லை, இறங்குவதற்கும் வழியில்லை. சில அடித் தொலைவில் கேட்கும் உறுமலைச் செவிமடுத்தவாறு, கயிறு தாங்குமா என்னும் ஒரே எண்ணத்தோடு அவர் அமர்ந்திருந்தார். கயிறு தாங்கியது. சலிப்புற்ற சிறுத்தை இறுதியில் ஆட்டின்மேல் பாய்ந்தது. வெண்மையான ஆட்டை ஏதோ ஒன்று மறைத்தது கண்டு, ஆட்டுக்குச் சிறிது மேலாகக் குறி வைத்து அவர் சுட்டார். சிறுத்தை காயமுற்று, கீழ்வயலுக்குத் தாவி மறைந்தது.

அவர் குரல் கொடுக்கவே, ஊரார் தேவதாரு விறகுப் பந்தங்களை ஏந்தி வந்தனர். காயமுற்ற சிறுத்தையை இரவிலே தேடிச் செல்வது அறிவுடைமை ஆகாது என்பதை அவரும் அறிவார். எனினும் அதனைத் தப்பவிட்டால் மீண்டும் எத்தனை உயிர்கள் போகுமோ என்று அஞ்சி நடந்தார். வயல் ஓரத்தை அடைந்ததும் சிறுத்தை சீறிக்கொண்டு பாய்ந்தது. பந்தம் ஏந்தியவர்கள் திரும்பி ஓடினர். ஓடும்போது ஒருவரோடு ஒருவர் மோதவே, பந்தங்களின் எரியும் துண்டுகள் தரையில் சிதறின. அவ்வொளியில் கார்பெட் அதன் மார்பில் சுட்டு வீழ்த்தினார். அவர்கள் ஓடியதைப் பற்றிக் குறை கூறுவார்க்கு ஒன்று சொல்லலாம். கார்பெட்டின் கையில் துப்பாக்கி இருந்தது. அவர்கள் கையில் விறகுக்கொள்ளி மட்டுமே இருந்தது. அது தெரிந்தும் அவர்கள் உடன் வந்தார்கள். அவர்கள் பெயரை எவரும் பாடப்புத்தகத்தில் எழுதவில்லை.

முதல் உலகப்போர் மூண்டபோது கார்பெட் 1917 இல் குமாவோன் மக்கள் 500 பேரைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். போருக்குப்பின் காலாதுங்கியில் தம் நிலத்தில் வாழ்ந்த உழவர்களின் நலத்தில் கருத்தூன்றினார். பன்றியும் மானும் புகுந்து விளைச்சலை அழிக்காதவாறு அவ்வூரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். கல்வராயன் மலைக் கொல்லைக்குப் பரண் எதுவோ, அதுவே அவ்வூருக்கு அம்மதில்.

அவர் பெயரை உலகெங்கும் பரப்பியது உருத்திரப்பிரயாகைச் சிறுத்தை. பத்ரிநாதத்துக்கும் கேதாரநாதத்துக்கும் செல்லும் வழிகள் பிரியும் இடம் உருத்திரப்பிரயாகை. 1918 முதல் 1926 வரை அவ்வழிகளில் நடந்த ஆயிரக்கணக்கான பயணிகளும், சுற்றுப்புறத்து ஊரார்களும் பொழுது சாய்ந்தால் கதவைத் திறக்க அஞ்சினர். அரசாங்கக் கணக்கின்படி அச்சிறுத்தை கொன்றவர் 125 பேர். நஞ்சு வைத்தனர், பொறி வைத்தனர், ஒன்றும் பயன்படவில்லை. அது மனித உருக்கொண்ட பேய் என்று மக்கள் நம்பத் தலைப்பட்டதில் வியப்பில்லை.

1925 இல் அங்குச் சென்ற கார்பெட் முதலில் நிலப்படத்தை ஆராய்ந்தார். அலகநந்தா ஆற்றைக் கடக்க அச்சிறுத்தைக்குத் தொங்குபாலங்களைத் தவிர வேறு வழியில்லை என்று கண்டார். ஒரு பாலத்தை இரவுதோறும் முட்செடிகளால் அடைக்கச் செய்தார். உருத்திரப்பிரயாகைப் பாலத்தின் கோபுரத்தின்மேல் தாம் ஏறி அமர்ந்தார். மரத்துக்குக் கிளையேனும் உண்டு. அக்கோபுரத்தின் உச்சியிலோ பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. பனிமலையிலிருந்து வீசும் காற்று அவரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கீழே பாறையும் பெருவெள்ளமும். போதாக்குறைக்கு எறும்புகள் உடைக்குள் புகுந்து தோலைக் கடித்தன. இவ்வாறு 20 இரவுகள். அத்தனை இரவிலும் அப்பாலத்தைக் கடந்து சென்ற ஒரே உயிர் ஒரு நரி!

உடல் தளர்ந்து திரும்பிய கார்பெட், அடுத்த ஆண்டு இளவேனிலில் மீண்டும் வந்தார். குலாப்ராய் என்னும் இடத்தில் பயணிகள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அதன் அருகே பாதையோரத்தில் ஒரு மாமரம். சிறுத்தை அப்பாதையில் அடிக்கடி நடப்பதைக் கண்ட அவர், மாமரத்தில் பரண் அமைத்து, கீழே கழுத்தில் மணி கட்டிய ஆட்டைப் பிணித்துக் காத்திருந்தார். பத்து இரவுகள் என்று வரையறுத்துக்கொண்டார். பத்து இரவுகளும் வீணாயின. எனினும் இன்னும் ஓர் இரவு என்று பதினோராம் முறையும் ஏறினார்.

அவ்விரவு திடீரென்று ஆட்டின் மணி விரைந்து ஒலித்தது. துப்பாக்கியில் பொருத்தியிருந்த மின்விளக்கை அழுத்தினார். ஒளிவட்டத்தில் சிறுத்தையின் தோள் தெரிந்தது. விசையை இழுத்தார். வெடியோசையோடு விளக்கும் அணைந்துவிட்டது. குண்டு பட்டதா, தவறியதா? சிறுத்தை இறந்ததா, காயத்தோடு மரத்தடியில் பதுங்கியுள்ளதா? இறங்கிப் பார்க்கும் பேதைமை அவரிடம் இல்லை. சிறிது நேரத்துக்குப்பின் ஆட்டின் மணி மெல்ல ஒலித்தது. ஆடு உயிரோடு இருக்கின்றது என்னும் அந்த ஒன்றே அவருக்குக் கிடைத்த செய்தி. விடியும்வரை பரணிலேயே விழித்திருந்தார். 1926 ஆம் ஆண்டு மே 2 என்று அவ்விடத்து நினைவுக்கல் அந்நாளைக் குறிக்கின்றது. விடிந்ததும் குருதிச் சுவட்டைப் பின்பற்றிச் சென்றபோது, சரிவிலே ஒரு குழியில் தலை தொங்க அச்சிறுத்தை இறந்து கிடந்தது. முகமயிர் நரைத்துப் பல் தேய்ந்த ஒரு கிழட்டு விலங்கு. எட்டாண்டு மக்களை நடுங்க வைத்த பேய் அதுவே.

இவ்வளவு பழகியும் ஒவ்வோர் இருக்கையும் அவருக்குப் புதிய இடர்களைத் தந்தது. 1929 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் செவியருகே ஒரு பெரிய துப்பாக்கி வெடித்ததால் செவிப்பறை கிழிந்து சீழ்க்கட்டி உண்டாயிற்று. ஏப்பிரலில் அந்நோயோடே தல்லாதேசத்து ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சென்றார். முகம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது, தலை சுழன்றது. அந்நிலையில் இரவிலே ஒரு மரக்கிளையில் அமர்ந்திருந்தபோது கட்டி உடைந்தது. கிளையை விட்டு விழாமல் அவ்விரவைக் கழித்தது அவருடைய மனவுறுதிக்குச் சான்று. நோயுற்ற ஒருவர் அவ்வேலையை மேற்கொண்டது முறையா என்று கேட்டால், முறையன்று என்றே கூற வேண்டும். ஆனால் உதவி கேட்டுவந்த ஊராரிடம் பிறிதொரு நாள் வருகிறேன் என்று சொல்ல அவரால் இயலவில்லை.

இறுதி வேட்டை 1938 இல் தாக் என்னும் மலையூரில் நிகழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 63. ஆட்கொல்லிக்கு அஞ்சி ஊரார் அனைவரும் வீடுகளை விட்டு அகன்றுவிட்டனர். மரங்களில் அமர்ந்து பல இரவுகள் காத்தும் அப்பெண்புலி அகப்படவில்லை. நவம்பர் 30 ஆம் நாள், மறுநாள் ஊர் திரும்புவதென்று முடிவு செய்து, சில ஆட்களோடு முகாமை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வழியில் புலியின் குரல் கேட்டது. கார்பெட் புலிபோலவே குரல் கொடுக்க வல்லவர். அவர் குரல் கொடுத்தார். புலி மறுகுரல் கொடுத்துக்கொண்டு நெருங்கி வந்தது. ஏறுவதற்குத் தக்க மரமும் இல்லை; பரண் கட்டப் பொழுதும் இல்லை. வழியருகே ஒரு பாறை இருந்தது. அதன் பின்புறத்துக் குறுகிய விளிம்பில் தொற்றிக்கொண்டு, ஆட்களைத் தமக்குக் கீழே பதுங்கியிருக்கச் சொன்னார். ஒளி மங்கும் நேரத்தில் புலி பாறையின் மறுபுறத்தில் மிக அருகே வந்து நின்றது. அவர் சுட்டார். துப்பாக்கியின் எதிர்விசை அவரை விளிம்பிலிருந்து தள்ளியது. கீழே ஒடுங்கியிருந்த ஆட்களின் மேலேயே போய் விழுந்தார். புலி இறந்துபட்டது. ஒருவருக்கும் தீங்கில்லை. ஆட்கொல்லி வேட்டைக்கு அன்றோடு அவர் விடை கொடுத்தார்.

அதற்கு நெடுநாள் முன்னரே துப்பாக்கியைவிடப் புகைப்படக் கருவியில் அவருக்கு நாட்டம் மிகுந்திருந்தது. உயிரோடு உலவும் புலிகளை அசையும் படமாக எடுக்கக் காட்டோடையின் ஓரத்தில் மறைவிடம் அமைத்துப் பல திங்கள் காத்திருந்தார். 1936 இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அப்பகுதியில் அமைவதற்கும் துணை நின்றார். அப்பூங்காவே பின்னர் அவர் பெயரைப் பெற்றது. குமாவோன் ஆட்கொல்லிகளைப் பற்றிய அவருடைய முதல் பெருநூல் 1944 இல் வெளிவந்து உலகப்புகழ் எய்தியது. தென்னாட்டுக் காடுகளில் சிறுத்தையையும் புலியையும் தேடிப் பரண் ஏறிய கென்னத் ஆண்டர்சனின் முதல் நூல், அதற்குப் பத்தாண்டுகள் கழித்து 1954 இல் வந்தது. இன்று வேட்டைப் பரணுக்கு இடமில்லை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுத்துவிட்டது. அடுத்த ஆண்டில் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டம் கார்பெட் பெயர் தாங்கிய காட்டிலேயே தொடங்கி வைக்கப்பட்டது.

1947 ஆம் ஆண்டு நவம்பரில் கார்பெட்டும் அவர் தமக்கையார் மேகியும் இந்தியாவை விட்டுக் கென்யா நாட்டின் நையேரி நகருக்குச் சென்றனர். இருவரும் மணம் புரியாதவர்கள். காலாதுங்கி நிலத்தை அதனை உழுதவர்களிடமே விட்டுச் சென்றனர்.

நையேரிக்கு அண்மையில் உள்ள காட்டில் பெரிய அத்தியின மரம் ஒன்றின்மீது விடுதி ஒன்று கட்டப்பட்டிருந்தது. விருந்தினர்கள் ஏணி வழியாக ஏறி, இரவு முழுதும் மேலிருந்தவாறே யானைகளையும் காண்டாமிருகங்களையும் கண்டு களிப்பர். பரண்தான் அது, ஆனால் கட்டிலும் விருந்தும் உள்ள பரண். 1952 ஆம் ஆண்டு பிப்ரவரி 5 ஆம் நாள் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தும் அவர் கணவரும் அங்கு வந்தனர். அவர்கள் வந்தபோது மரத்தின் அருகே யானைக்கூட்டம் நின்றது. 76 வயதான கார்பெட்டும் உடன் அழைக்கப்பட்டிருந்தார். அன்றிரவு அனைவரும் உறங்கச் சென்றனர், அவர் உறங்கவில்லை. ஏறிவரும் வழியே பரணின் வலுவற்ற இடம் என்பதைப் பானார் ஆற்றங்கரையில் கற்றவர் அல்லரோ அவர்? துப்பாக்கியை மடிமேல் வைத்துக்கொண்டு ஏணியின் தலைப்பில் அமர்ந்து விடியும்வரை காவல் காத்தார். அவ்விரவிலேயே இங்கிலாந்தில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் உறக்கத்தில் உயிர் நீத்தார். இளவரசியாய் மரத்தில் ஏறியவர் அரசியாய் இறங்கினார். அச்செய்தி மரத்திலிருந்த ஒருவருக்கும் அப்போது தெரியாது.

1954 இல் கென்யாவில் நிகழ்ந்த கிளர்ச்சியின்போது அவ்விடுதி தீக்கிரையாயிற்று. அந்த ஓர் இரவைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதுவதில் கார்பெட் தம் கடைசி நாட்களைச் செலவிட்டார். 1955 ஆம் ஆண்டு ஏப்பிரல் 19 ஆம் நாள் நையேரியில் இறந்தார். அந்நூல் அவர் மறைந்த பின்னர் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.